ஷெட்டில் நின்ற காரின் நடுக்கமும் சத்தமும்: ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்த வேலை

செட்டிநாட்டுப் பக்கம் கார்கள் ஓடிக் கெடுவதைவிட நின்று கெடுவதுதான் அதிகம். வீட்டுக்காரர்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்க, வண்டி கானாடுகாத்தானிலும் பள்ளத்தூரிலும் பின்தெருவைப் பார்த்த ஷெட்டில் மாதக்கணக்கில் நிற்கும். பொங்கல், படைப்பு, சாந்திக் கல்யாணம் என்று எல்லோரும் ஊர் திரும்பும்போதுதான் சாவி வெளியே வரும். வண்டி கிளம்பும், ஆனால் உதறும், முனகும், இடிக்கும். உடனே பிளக்கை மாற்று, இன்ஜினைத் தாங்கும் மவுண்டிங்கை மாற்று, டயரை மாற்று என்று ஆளுக்கொன்று சொல்லி, பில் ஏறிய பிறகும் உதறல் அப்படியே இருக்கும். காரணத்தை உறுதிசெய்யும் முன் எந்தப் பொருளையும் வாங்கக் கூடாது. இந்தப் பதிவு முழுக்க அந்த ஒழுங்கில்தான் போகிறது.

வேலைக்கு வந்த வண்டி 1200 சிசி, நான்கு சிலிண்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக், மேனுவல் கியர், 2014 மாடல். ஓடியது 50,000 கி.மீ.க்கும் குறைவு. ஐப்பசி மழைக்கு முன்னால் நிறுத்தி, சித்திரையில் எடுத்தது. புகார்கள் இவை: காலையில் ஸ்டார்ட் செய்ததும் ‘கடகட’, நிற்கும்போது வண்டி முழுக்க உதறல், ஏசி போட்டால் இன்னும் மோசம், பெல்ட் பக்கம் ‘கீச் கீச்’, அறுபதைத் தாண்டினால் கீழேயிருந்து ஊளை, எண்பதுக்கு மேல் ஸ்டியரிங் நடுக்கம், வேகத்தடையில் முன்பக்கம் ‘டொக்’.

சத்தம் எதோடு சேர்ந்து போகிறது?

ஸ்பேனரைத் தொடும் முன் ஒவ்வொரு புகாரையும் இந்தக் கேள்விக்குள் தள்ள வேண்டும். வண்டி நிற்கும்போது ஆக்சிலேட்டரை அழுத்தினால் கூடுகிறதா? அப்படியானால் இன்ஜின், பெல்ட், சைலன்சர், மவுண்டிங் பக்கம். வண்டியின் வேகத்தோடு கூடுகிறதா? அப்படியானால் டயர், வீல் பேரிங், ஆக்சில். மேடு பள்ளத்தில், ஸ்டியரிங் ஒடிக்கையில், பிரேக் பிடிக்கையில் மட்டும் வருகிறதா? அப்படியானால் சஸ்பென்ஷன், ஸ்டியரிங், பிரேக்.

இன்ஜினா சக்கரமா என்று பிரிக்க எளிய சோதனை ஒன்று உண்டு. சத்தம் வரும் வேகத்தில், பின்னால் வண்டி இல்லாத நேரான சாலையில், கிளட்சை முழுதாக அழுத்தி ஆக்சிலேட்டரை விட வேண்டும். ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இன்ஜின் சுற்றும் எண்ணிக்கை) 700-க்கு இறங்கிய பிறகும் ஊளை அதே குரலில் தொடர்ந்தால் இன்ஜினைப் பிரிக்க வேண்டிய அவசியமே இல்லை. சாவியை மட்டும் எக்காரணம் கொண்டும் அணைக்கக் கூடாது. பிரேக் பூஸ்டரும் பவர் ஸ்டியரிங்கும் கைவிடும், சாவியை உருவினால் ஸ்டியரிங் லாக்கும் விழும். இந்த வண்டியில் கிளட்சை அழுத்தியும் ஊளை குறையவில்லை. ஆகவே அது சக்கரத்துக் கணக்கு, கடைசிக்கு ஒதுக்கியாயிற்று.

ஸ்டார்ட் செய்யும் முன்

நின்ற வண்டியை வந்ததும் ஸ்டார்ட் செய்து சத்தம் கேட்கத் தோன்றும். பானட்டைத் திறந்து கால் மணி நேரம் பார்ப்பது அதற்கு முந்தைய வேலை. நெல்லும் புளியும் சேமிக்கும் வீடுகளில் எலி இல்லாமல் இருக்காது; அதற்கு ஏர் ஃபில்டர் டப்பாவைப் போல ஒதுக்கமான இடம் வேறில்லை. டப்பாவின் கிளிப்புகளைத் திறந்தபோது ஃபில்டரின் அடிப்பக்கம் முழுக்க நெல் உமி, பானட் அடியில் ஒட்டியிருந்த பஞ்சின் துணுக்குகள், நாலைந்து புளியங்கொட்டை. ஃபில்டரின் மடிப்புகளில் செம்மண் புழுதி படிந்து, ஒரு மூலை கடிக்கப்பட்டுக் கிழிந்திருந்தது. ஓட்டையான ஃபில்டரைத் தட்டிவிட்டு மறுபடி போடக் கூடாது. அந்த வழியாகப் போகும் புழுதி முதலில் காற்றளவு சென்சாரின் மெல்லிய கம்பியில் படியும், பிறகு சிலிண்டர் சுவரைத் தேய்க்கும்.

உமியை வேக்குவம் கிளீனரால் உறிஞ்சி எடுக்க வேண்டும். காற்றடித்தால் இன்டேக் பைப்புக்குள் போய்விடும். சென்சாருக்கு அதற்கென விற்கும் கிளீனரை மட்டும் அடித்து, துணி படாமல் உலரவிட வேண்டும். கார்புரேட்டர் கிளீனர் அதற்கு ஆகாது.

பேட்டரி ஓய்வில் 12.1 வோல்ட் காட்டியது. நல்ல நிலையில் 12.6 இருக்க வேண்டும், 12.2 என்றாலே பாதி தீர்ந்துவிட்டது என்று பொருள். வோல்டேஜ் குறைந்த பேட்டரியோடு ஐடிலிங்கை (ஆக்சிலேட்டரைத் தொடாமல் இன்ஜின் ஓடுவதை) ஆராய்வது வீண்வேலை. சார்ஜ் ஏற, ஆல்டர்னேட்டர் இன்ஜினை இழுக்கும். வண்டிக் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரில் தேவையில்லாத ‘கோடு’களும் (பிழைக் குறியீடுகளும்) வரிசையாக வரும். முதலில் வெளிச் சார்ஜரில் முழுதாக ஏற்றிக்கொண்டோம். நெகட்டிவ் வயர் பாடியில் சேரும் போல்ட்டைக் கழற்றி உப்புக்காகிதத்தால் தேய்த்துத் திரும்ப இறுக்கினோம்.

அடுத்தது பெட்ரோல். பங்குகளில் எத்தனால் கலவை 2022-இல் பத்து சதவீதத்தையும், 2025-இல் இருபதையும் தொட்டது. எத்தனால் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். ஓர் அளவுக்கு மேல் போனால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து டாங்க் அடியில் தங்கும். பம்ப் உறிஞ்சுவது அந்த அடிப்பகுதியைத்தான். இன்ஜின் பக்கப் பெட்ரோல் பைப்பைத் துணி சுற்றிக் கழற்றி, ஒரு கண்ணாடிப் பாட்டிலில் கால் லிட்டர் பிடித்து அரை மணி நேரம் வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டு அடுக்காகத் தெரிந்தால் டாங்க் முழுவதையும் இறக்கியாக வேண்டும். மேலே புதுப் பெட்ரோல் ஊற்றிச் சமாளிக்க முடியாது. இங்கே அடுக்கு பிரியவில்லை, வார்னிஷ் வாடை மட்டும் இருந்தது. டாங்க்கில் கால்வாசிதான் கிடந்தது. பத்து லிட்டர் புதிது சேர்த்ததே போதும். இருபது சதவீத எத்தனாலைத் தாங்கும் ரப்பர் வருவதற்கு முந்தைய, அதாவது 2023 ஏப்ரலுக்கு முந்தைய வண்டி என்பதால் பெட்ரோல் பைப்பின் ரப்பரை விரலால் அழுத்தி வெடிப்பு இருக்கிறதா என்றும் பார்த்துவிட்டோம்.

காலை ‘கடகட’

ஸ்டார்ட் ஆன உடனே ஒன்றிரண்டு விநாடி மட்டும் கடகடத்து அடங்கினால், டைமிங் செயின் டென்ஷனரில் ஆயில் இறங்கிப்போயிருக்கிறது என்று பொருள். ஆயில் பிரஷரால் செயினை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர்களில் இது வரும். நீண்ட நாள் நின்ற வண்டியில் முதல் ஸ்டார்ட்டுக்கு மட்டும் வந்தால் பயப்பட ஒன்றுமில்லை; தினமும் வந்தால்தான் டென்ஷனர், செயின் நீட்சி எல்லாம் பார்க்க வேண்டும்.

பெட்ரோல் பம்ப் ரிலேவைப் பிடுங்கிவிட்டு, ஐந்து விநாடி செல்ஃப் அடித்து, அரை நிமிடம் விட்டு மறுபடி ஐந்து விநாடி அடிக்க, ஆயில் விளக்கு அணைந்தது. பிறகு ரிலேவைப் போட்டு ஸ்டார்ட் செய்ததில் செயின் சத்தமே இல்லை. ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றும்போது வண்டிப் புத்தகத்தில் போட்டிருக்கும் கிரேடைத்தான் ஊற்ற வேண்டும். நம் வெயிலுக்குக் கெட்டி ஆயில்தான் நல்லது என்று 20டபிள்யூ50 ஊற்றுகிறார்கள். மெல்லிய ஆயிலுக்கென்று துளை போட்ட இன்ஜினில் அது டென்ஷனருக்குத் தாமதமாகப் போய், கடகடப்பைக் கூட்டத்தான் செய்யும்.

இந்த இடத்தில் குழம்பக் கூடிய வேறு சத்தங்களும் உண்டு. குளிர்ந்திருக்கையில் ‘டிக் டிக்’ என்று வந்து, சூடேறியதும் காணாமல் போனால் எக்சாஸ்ட் மேனிஃபோல்ட் கேஸ்கட் கசிவு. இரும்பு சூட்டில் விரிந்து இடைவெளியை அடைத்துவிடும். இன்ஜின் சுற்றுக்குப் பாதி வேகத்தில் மேலே கேட்கும் டிக் டிக், வால்வைத் தள்ளும் டேப்பட். பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரும், டாங்க்கின் பெட்ரோல் ஆவியை இன்ஜினுக்கு விடும் கேனிஸ்டர் பர்ஜ் வால்வும் தாமே டிக்கென்று அடிக்கும், அது நோயல்ல. குறிப்பிட்ட ஆர்பிஎம்மில் மட்டும் தகரம் அதிர்வது ஹீட் ஷீல்டு. ஒரு ஹோஸ் கிளிப்பால் இறுக்கிக் கட்டினால் தீரும். ஆயில் சூடான பிறகும், 2000 ஆர்பிஎம்முக்கு மேல் லோடில் கனமாக ‘டொங் டொங்’ என்று கீழிருந்து வந்தால் மட்டும் உடனே அணைத்து, கட்டி இழுத்துக்கொண்டு போக வேண்டும். அது கனெக்டிங் ராட் பேரிங். ஓட்டிக்கொண்டு போய்க் காட்டலாம் என்றால் கிராங்கும் போய்விடும்.

நிற்கும்போது உதறல்

நேரம் எடுத்தது இங்கேதான். முதலில் ஒரு கணக்கு. நான்கு சிலிண்டர் இன்ஜின் 750 ஆர்பிஎம்மில் விநாடிக்கு 25 முறை வெடிக்கும். அது கைக்கு மெல்லிய ரீங்காரமாகத்தான் தெரியும். ஒரு சிலிண்டர் விடுபட்டால் குலுக்கல் விநாடிக்கு ஆறு முறை என்று ஆகிவிடும். கியர் லீவர் கண்ணுக்குத் தெரிய ஆடும், சைலன்சர் வாயில் உள்ளங்கையைக் காட்டினால் ஒழுங்காக இடைவெளி விட்டுப் ‘பொத்… பொத்’ என்று விடும். மவுண்டிங் கெட்டதால் வரும் அதிர்வு இப்படி ஆடாது, டேஷ்போர்டையும் கண்ணாடியையும் நடுங்கவைக்கும். மூன்று சிலிண்டர் வண்டிகளில் இயல்பிலேயே அதிர்வு கூடுதல். பக்கத்து வீட்டு நான்கு சிலிண்டர் வண்டியோடு ஒப்பிட்டு அதைக் குறையென்று சொல்லக் கூடாது.

இந்த வண்டியில் இரண்டும் இருந்தன. இரண்டும் இருக்கும்போது மிஸ்ஸிங்கை (சிலிண்டர் விடுபடுவதை) முதலில் சரிசெய்ய வேண்டும். மிஸ் அடிக்கும் இன்ஜினுக்குப் புது மவுண்டிங் போட்டால், நல்ல மவுண்டிங்கும் தோற்றதாகத்தான் தெரியும்.

ஸ்கேனரில் பி0303, அதாவது மூன்றாவது சிலிண்டர் மிஸ்ஃபயர். கூடவே பி0171, கலவை லீன், அதாவது காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இல்லை. கோடு மூன்றாவது சிலிண்டரைக் காட்டுகிறதே தவிர, பிளக்குக்கு மின்சாரம் தரும் காயிலா, பிளக்கா, இன்ஜெக்டரா என்று சொல்லாது. அதற்கு இடமாற்றிப் பார்ப்பதுதான் வழி. மூன்றாவது சிலிண்டரின் காயிலை ஒன்றாவதுக்கும், ஒன்றாவதினுடையதை மூன்றாவதுக்கும் மாற்றி, கோடை அழித்து, ஐந்து நிமிடம் ஓடவிட்டோம். பி0301 என்று வந்திருந்தால் காயில்தான் குற்றவாளி. மறுபடியும் பி0303 என்றே வந்தது. காயில் நல்லது.

அடுத்துப் பிளக். இன்ஜின் ஆறிய பிறகுதான் கழற்ற வேண்டும். சூட்டில் அலுமினிய ஹெட்டின் மரை பிளக்கோடு வந்துவிடும். கழற்றும் முன் பிளக் குழியில் காற்றடித்துச் செம்மண்ணை வெளியேற்றுவது கட்டாயம், இல்லாவிட்டால் அத்தனையும் சிலிண்டருக்குள் விழும். ஒன்று, இரண்டு, நான்காவது பிளக்குகள் வெளிர்பழுப்பு. மூன்றாவது மட்டும் கழுவித் துடைத்தது போல வெளுப்பாக, ஈரமில்லாமல் இருந்தது. தீப்பொறி வராத சிலிண்டரின் பிளக் பெட்ரோலில் நனைந்து கறுத்திருக்கும். காய்ந்திருந்தால் பெட்ரோலே வரவில்லை என்று சந்தேகப்பட வேண்டும். இந்த ஒரு பார்வையிலேயே தேடும் இடம் பாதியாகிவிட்டது. பிளக்கையும் இடமாற்றிப் பார்த்தோம். கோடு மூன்றிலேயே நின்றது. திரும்பப் போடும்போது முதல் சில சுற்றுகளைக் கையாலேயே போட வேண்டும். புது வாஷர் உள்ள 14 மி.மீ. பிளக் என்றால், கை இறுக்கத்துக்குப் பிறகு சுமார் அரைச் சுற்று; பழைய பிளக் என்றால் அதில் ஐந்தில் ஒரு பங்குகூட வேண்டாம்.

இனி இன்ஜெக்டர். நீளமான ஸ்குரூடிரைவரின் முனையை இன்ஜெக்டர் மேல் வைத்து, பிடியைக் காதோரம் வைத்துக் கேட்டால் நல்ல இன்ஜெக்டர் கடிகாரம் போல அடிக்கும். மூன்றாவது விட்டு விட்டு அடித்தது. கனெக்டரைக் கழற்றி இரண்டு பின்னுக்கும் இடையில் அளந்ததில் 12 ஓம்; மற்ற மூன்றும் அதே அளவு. ஆகவே இன்ஜெக்டரின் சுருள் நன்றாகவே இருக்கிறது. மிச்சம் வயர்.

வயரிங் மேல் சுற்றிய கறுப்பு நெளிக்குழாயைப் பிரித்ததும் காரணம் கண்ணெதிரே கிடந்தது. சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துவிடும் இன்டேக் மேனிஃபோல்டுக்குக் கீழே, மேலிருந்து பார்த்தால் தெரியாத வளைவில், இரண்டு அங்குல நீளத்துக்கு எலி வயரின் தோலை உரித்திருந்தது. ஒரு வயரில் செம்பு இழைகள் பச்சை பூத்து, இரண்டே இரண்டு இழைதான் மிச்சம். வண்டி அசையும்போது தொடும், அசையாதபோது விடும். காயில், பிளக், இன்ஜெக்டர் மூன்றையும் புதிதாக வாங்கிப் போட்டிருந்தாலும் இந்த மிஸ்ஸிங் போயிருக்காது.

சரிசெய்த விதம்: பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, பச்சை பிடித்த பகுதியை வெட்டியெறிந்து, செம்பு பளபளக்கும் இடம் வரை தோலை உரித்து, அதே கனத்தில் புது வயர்த்துண்டு வைத்து சால்டர் செய்து, உட்புறம் பசை உள்ள ஹீட் ஷிரிங்க் குழாயைப் போட்டுச் சுருக்கினோம். முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றினால், இன்ஜின் சூட்டில் பசை உருகி ஒரு கோடைக்குள் டேப் கழன்றுவிடும். நெளிக்குழாயைத் திரும்ப மூடி, வயரை மேனிஃபோல்டில் உரசாதபடி கட்டியாயிற்று.

மிஸ்ஸிங் நின்றது. ஆனால் ஐடிலிங் இன்னும் சீராகவில்லை. ஆர்பிஎம் 650-க்கும் 850-க்கும் நடுவே ஏறி இறங்கியது. லீன் கோடுக்கு இப்போதுதான் மதிப்பு. மிஸ் அடிக்கும் சிலிண்டரிலிருந்து எரியாத காற்று அப்படியே வெளியேறுவதால் ஆக்சிஜன் சென்சார் லீன் என்று பொய் சொல்லும். ஆகவே மிஸ்ஸிங் தீரும் வரை ஃப்யூயல் ட்ரிம்மை, அதாவது கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் சதவீதத்தை, படிப்பதில் பயனில்லை. கோடுகளை அழித்து, இன்ஜினை நன்றாகச் சூடாக்கிப் படித்தோம். ஐடிலில் ட்ரிம் மொத்தம் +16 சதவீதம். 2500 ஆர்பிஎம்மில் பிடித்தால் +4. வேகம் கூடக் கூட ட்ரிம் இறங்கினால் காற்றுக் கசிவு. கசியும் ஓட்டை மாறாது, உள்ளே போகும் மொத்தக் காற்று கூடுவதால் கசிவின் பங்கு குறைந்துவிடும். எதிராக, வேகம் கூடக் கூட ட்ரிம்மும் ஏறினால் பெட்ரோல் போதவில்லை: பம்ப், அடைத்த ஃபில்டர், அழுக்கேறிய காற்றளவு சென்சார்.

இந்தக் கணக்கு காற்றளவு சென்சார் உள்ள வண்டிக்குப் பொருந்தும். மேனிஃபோல்ட் அழுத்தத்தை மட்டும் அளக்கும் வண்டிகளில் கசிந்து வரும் காற்றும் அழுத்தக் கணக்கில் சேர்ந்துவிடும். அங்கே ட்ரிம் பெரிதாக நகராது, ஐடில்தான் ஏறி நிற்கும். சூடான நல்ல இன்ஜின், ஏசி இல்லாமல், ஐடிலில் 30 முதல் 40 கிலோபாஸ்கல் காட்டும். அதற்கு மேல் போய்க்கொண்டே இருந்தால் கசிவையோ வால்வு டைமிங்கையோ பார்க்க வேண்டும்.

கசிவைத் தேடச் சூடான இன்ஜின் மேல் பெட்ரோலோ கார்புரேட்டர் கிளீனரோ அடிக்கிறார்கள். ஒரு பொறி பட்டால் பற்றிக்கொள்ளும், தயவுசெய்து வேண்டாம். பூவாளிபோல் தெளிக்கும் சிறிய பாட்டிலில் தண்ணீர் போதும். ரப்பர் இணைப்புகளில் ஒவ்வொன்றாக அடிக்கும்போது எங்கே ஐடில் மாறுகிறதோ, உறிஞ்சும் ‘சுர்ர்’ எங்கே நிற்கிறதோ அதுதான் இடம். காயில், கனெக்டர் பக்கம் மட்டும் தண்ணீர் போகக் கூடாது. இன்ஜினுக்குள் சேரும் புகையைத் திரும்ப இழுக்கும் பிசிவி ஹோஸ், மேனிஃபோல்டில் ஏறும் முட்டி வளைவின் அடிப்பக்கத்தில் மாறியது. கழற்றி வளைத்ததும் ஒரு அங்குல வெடிப்பு வாய் திறந்தது. நேராக இருக்கையில் மூடிக்கொள்ளும், ஆகவே பார்த்தால் தெரியாது. வளைத்துத்தான் பார்க்க வேண்டும். ஹோஸை மாற்றியதும் ஐடில் ட்ரிம் +5-க்கு வந்தது. பிளஸ் மைனஸ் பத்துக்குள் இருந்தால் விட்டுவிடலாம்.

பிரேக் பூஸ்டர் ஹோஸையும் கூடவே சோதிக்கலாம்: ஐடிலில் பிரேக்கை அழுத்திப் பிடிக்கும்போது உதறல் கூடி, உஸ்ஸென்று சத்தம் தொடர்ந்து வந்தால் பூஸ்டர் பக்கம் கசிவு. இங்கே இல்லை.

இன்ஜினுக்குப் போகும் காற்றைத் திறந்து மூடும் திராட்டில் பாடியில் தகட்டைச் சுற்றிக் கறுப்பு வளையம் படிந்திருந்தது. எலக்ட்ரானிக் திராட்டில் என்பதால் இக்னிஷன் ஆனில் இருக்கும்போது தகட்டை விரலால் தள்ளக் கூடாது. பல்சக்கரம் உடையும், விரலும் நசுங்கும். பாடியைக் கழற்றி, கிளீனரைத் துணியில் அடித்துத் துடைத்து, புதுக் கேஸ்கட்டோடு மாட்டினோம். சுத்தம் செய்தவுடன் ஐடில் 1100-இல் நிற்பது இயல்பு. அழுக்குக்குப் பழகிய கம்ப்யூட்டர் புது இடைவெளியைக் கற்க வேண்டும். ஸ்கேனரில் ஐடில் ரீலேர்ன் கொடுத்ததும் 720-இல் நின்றது.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரே சிலிண்டர் மிஸ் அடித்திருந்தால் கம்ப்ரஷன் பார்த்திருக்க வேண்டும். எல்லாப் பிளக்கையும் கழற்றி, பெட்ரோலையும் காயிலையும் துண்டித்து, ஆக்சிலேட்டரை முழுதாக அழுத்தி, ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஐந்தாறு சுற்று. சிலிண்டர்களுக்கு இடையே வித்தியாசம் பதினைந்து சதவீதத்துக்கு மேல் இருந்தால், குறைந்ததில் ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளக்க வேண்டும்: ஏறினால் பிஸ்டன் ரிங், ஏறாவிட்டால் வால்வு.

மவுண்டிங்

இன்ஜின் சீரான பிறகும் ஏசி போட்டதும் டேஷ்போர்டு நடுங்கியது. 1000 ஆர்பிஎம்முக்கு ஏற்றினால் நின்றது. இது மவுண்டிங்கின் அடையாளம். பானட்டைத் திறந்து, ஹேண்ட் பிரேக்கும் கால் பிரேக்கும் பிடித்து, ஒருவர் உள்ளே முதல் கியரில் கிளட்சை லேசாக விட, மற்றவர் பக்கவாட்டில் நின்று பார்க்க வேண்டும். வண்டிக்கு முன்னால் யாரும் நிற்கக் கூடாது. இன்ஜின் ஒரு அங்குலத்துக்கு மேல் எழுந்தால் ரப்பர் கிழிந்திருக்கிறது. பெல்ட் பக்க மவுண்டிங் இங்கே அடியில் கறுப்பாக ஒழுகியிருந்தது. உள்ளே திரவம் உள்ள வகை, திரவம் போனால் வேலை முடிந்தது.

மாற்றும்போது ஆயில் சம்ப்புக்கு அடியில் ஜாக்கியை நேரடியாக வைத்தால் சம்ப் நெளியும். ஒன்றரை அங்குலக் கனப் பலகை வைத்து, பாரம் ஏறும் அளவுக்கு மட்டும் தூக்கினால் போதும். புது மவுண்டிங்கின் போல்ட்டுகளை முதலில் தளர்வாக விட்டு, ஜாக்கியை இறக்கி, இன்ஜினை ஒரு தடவை ஓடவிட்டு அணைத்த பிறகே முழுதாக இறுக்க வேண்டும். ரப்பர் முறுக்கோடு இறுகினால் புதியதும் நடுங்கும். கடைசியாக ஏசி பைப் பாடியில் எங்காவது உரசுகிறதா, சைலன்சர் ரப்பர்கள் தொங்கிப்போயிருக்கின்றனவா என்று கையால் தடவிப் பார்த்தாக வேண்டும். ஒரு பைப் தகரத்தைத் தொட்டாலே வண்டி முழுக்க ரீங்காரம் பரவும்.

‘கீச் கீச்’ இரண்டு நிமிட வேலை. ஓடும் பெல்ட்டின் பள்ளப் பக்கத்தில், கையைத் தள்ளியே வைத்துக்கொண்டு, சிறிது தண்ணீர் தெளிக்க வேண்டும். சத்தம் சில விநாடி நின்று திரும்ப வந்தால் புல்லி கோணல். தண்ணீர் பட்டதும் கூடினால் பெல்ட் தளர்வு, வழுக்குகிறது. இங்கே கூடியது. பெல்ட்டைக் கழற்றிப் புல்லிகளைக் கையால் சுற்றியதில் எல்லாமே மெத்தென்று சுழன்றன, பேரிங்கில் சொரசொரப்பு இல்லை. புது பெல்ட்டோடு முடிந்தது. பெல்ட் இல்லாமல் இன்ஜினை ஓடவிட்டுக் கேட்பதும் ஒரு முறைதான். தண்ணீர் பம்ப்பும் அதே பெல்ட்டில் சுற்றும் வண்டி என்றால் அரை நிமிடத்துக்கு மேல் ஓடவிடக் கூடாது.

சாலையில்

ஊளைக்கும் நடுக்கத்துக்கும் காரைக்குடியிலிருந்து திருமயம் போகும் நெடுஞ்சாலைதான் சோதனைக் களம். ஊருக்குள் அந்த வேகம் வராது. 90 கி.மீ. வேகத்தில் இந்த வண்டியின் டயர் விநாடிக்குச் சுமார் 13 சுற்று. அதே தாளத்தில் ஸ்டியரிங் நடுங்கினால் முன் சக்கரம், சீட்டில் தெரிந்தால் பின் சக்கரம்.

நின்ற வண்டியில் முதலில் டயரைச் சந்தேகிக்க வேண்டும். ஒரே இடத்தில் பாரம் தாங்கிய பகுதி தட்டையாகி ‘தப தப’ என்று அடிக்கும். முப்பது கிலோமீட்டர் ஓடிச் சூடானதும் அடங்கினால் கவலையில்லை. அடங்காவிட்டால் டயர் திரும்பாது. பக்கச்சுவரில் நான்கு இலக்கம் இருக்கும்: 2317 என்றால் 2017-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். இந்த வண்டியின் முன் டயர்கள் அந்த வயசுதான். பூ நிறைய இருந்தாலும் பள்ளங்களுக்குள் மெல்லிய வெடிப்பு ஓடியிருந்தது. இரண்டையும் மாற்றி பாலன்சிங் செய்ததும் ஸ்டியரிங் நடுக்கம் போயிற்று. மாட்டும் முன், சக்கரம் உட்காரும் ஹப் முகத்தில் பொருக்காகக் கிடந்த துருவைக் கம்பிப் பிரஷ்ஷால் சுரண்டினோம். அந்தப் பொருக்கு இருந்தால் சக்கரம் நேராக உட்காராது, எத்தனை முறை பாலன்சிங் செய்தாலும் நடுங்கும்.

டயர் மாற்றியும் ஊளை மிச்சமிருந்தது. அறுபதில் போகும்போது ஸ்டியரிங்கை இலேசாக வலப்பக்கம் வளைத்தால் பாரம் இடச்சக்கரத்துக்குப் போகும், ஊளை கூடியது. இடப்பக்கம் வளைத்தால் குறைந்தது. ஆகவே இடது பேரிங். ஜாக்கியில் தூக்கி, ஒரு கையால் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு மறு கையால் காயில் ஸ்பிரிங்கைத் தொட்டபோது மணல் அரைபடும் அதிர்வு விரலில் தெரிந்தது; வலப்பக்கம் அப்படி இல்லை. பிரஸ்ஸில் ஏற்றும்போது ஹவுசிங்குக்குள் வெளி வளையத்தைத்தான் தள்ள வேண்டும். உள் வளையத்தை அழுத்தினால் உருளைகள் தடம் பதித்து, புதுப் பேரிங் சில வாரத்தில் பாடத் தொடங்கும்.

வேகத்தடை ‘டொக்’ என்றதும் ஷாக் அப்சார்பரை மாற்றச் சொல்வார்கள். பெரும்பாலும் அது, வண்டி சாயாமல் பிடிக்கும் கம்பியைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் ஸ்டெபிலைசர் லிங்க் ராடு. இரண்டு சக்கரமும் தரையில் இருக்க, ஒருவர் முன்பக்கத்தை ஆட்டும்போது மற்றவர் லிங்க் ராடின் பந்து முனையை விரலால் பிடித்தால் தட்டு நேராகக் கையில் விழும். சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் வரும் ஆட்டம் பேரிங் அல்லது பால் ஜாயின்ட்; இடமும் வலமும் பிடித்தால் வருவது டை ராட் எண்ட். இங்கே இரண்டு லிங்க் ராடும் போயிருந்தன. ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்துத் திரும்பும்போது ‘கட கட’ வந்திருந்தால் ஆக்சிலின் வெளி ஜாயின்ட். அதை மூடும் ரப்பர் பூட் கிழிந்து சக்கரத்தின் உள்பக்கம் கிரீஸ் தெறித்திருக்கும்.

பிரேக் டிஸ்க்கின் மேல் துரு பத்துப் பதினைந்து பிரேக்கில் தானே சுத்தமாகிவிட்டது. பின் டிரம்மில் மட்டும் லைனிங் ஒட்டியிருந்ததைப் பிரித்துத் தேய்க்க வேண்டியிருந்தது. ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு ஊருக்குப் போனதன் பலன் அது.

மறுபடி ஷெட்டுக்குப் போகும்போது ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, முதல் கியரில் போட்டு, சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுக்க வேண்டும். டாங்க்கை நிரப்பி விட்டால் உள்ளே காற்றும் ஈரமும் குறையும். டயரில் வழக்கத்தைவிட ஐந்து பிஎஸ்ஐ கூடுதல். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிடலாம். ஏர் ஃபில்டரின் மூக்குக் குழாயில் கால் அங்குலக் கண் உள்ள இரும்பு வலையைக் கட்டிவிட்டால் எலி உள்ளே போகாது, காற்றும் தடைபடாது.

“பத்து நாளைக்கு ஒருக்க ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷம் ஓடவிட்டுத்தாண்ணே வைக்கிறேன்” என்று வீட்டைப் பார்த்துக்கொள்பவர்கள் சொல்வார்கள். அக்கறைதான், ஆனால் அந்த ஐந்து நிமிடத்தில் சைலன்சரிலும் ஆயிலிலும் தண்ணீர் சேரும், ஸ்டார்ட்டுக்குச் செலவான பேட்டரியும் திரும்ப ஏறாது. பதினைந்து நாளுக்கு ஒரு முறை, கோட்டையூர் வழியாகக் காரைக்குடி வரை ஒரு நடை போய்த் திரும்பினால் இன்ஜின் முழுச் சூட்டுக்கு வரும், டயர் உருளும், டிஸ்க்கின் துரு உதிரும். போய் வந்ததும் பானட்டைத் திறந்து ஆறவிட்டு, புதிதாக உமியோ எலிப்புழுக்கையோ கிடக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு மூடச் சொல்லி அனுப்பினோம்.